வைட்டமின் டியும் தன்னுடல் தாக்குநோய்களும்: ஆய்வு வரலாறு

வைட்டமின் டி நெடுங்காலம் எலும்புக்குரிய சத்தாகவே அறியப்பட்டது. 1922இல் எல்மர் மெக்காலம் குழுவினர் காட் மீன் எண்ணெயில் அதை இனங்கண்டதும், குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயை ஆராய்ந்தபோதுதான்.

1983இல் நிணநீர் அணுக்களில் இச்சத்துக்கான ஏற்பிகள் கண்டறியப்பட்டன. ஓய்வுநிலை அணுக்களில் அவை காணப்படவில்லை, தூண்டப்பட்டவற்றிலேயே இருந்தன. நோயெதிர்ப்புக்குக் கிளம்பிய அணுவுக்கு எலும்புச் சத்து எதற்கு? மறு ஆண்டே ஓரளவு விடை கிடைத்தது. இதன் செயலூக்க வடிவமான கால்சிட்ரியால், அவ்வணுக்களைப் பெருக்கும் இன்டர்லூகின்-2 உற்பத்தியைக் குறைத்தது. உடலைத் தானே தாக்கும் எதிர்ப்பாற்றலுக்கு இது கடிவாளமாகலாம் என்ற எண்ணம் வலுத்தது. 1991இல் சுண்டெலிகளில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸை ஒத்த நோயை அது தடுத்தது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இந்நோய் மிகுவது முன்பே தெரியும்; ஆனால் அந்நாடுகளில் மாறுபடுவது வெயில் மட்டுமல்லவே.

மனிதரிடம் வலுவான சான்று 2022இல் வந்தது. அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். தினமும் 2,000 அலகு வைட்டமின் டி பெற்றோரில் 123 பேருக்கும், போலி மாத்திரை பெற்றோரில் 155 பேருக்கும் தன்னுடல் தாக்குநோய் உறுதியானது. 22 விழுக்காடு குறைவு. இது நோய் வருமுன் கொடுத்ததன் கணக்கு. ஏற்கெனவே நோயுற்றவருக்கு இதை அப்படியே பொருத்த இயலாது.