ஆத்தோர நாணல் தந்த கரும்பு

நீங்க காபியில போடுற சர்க்கரையில ஆத்தோர நாணலுக்கும் பங்கு உண்டுன்னா நம்புவீங்களா?

1912ல கோயம்புத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. அங்கே கரும்பு நல்லா பூத்து விதையும் பிடிக்கும், அதான் காரணம். (நாம கரணை வெச்சே நடுறதால, கரும்புக்கு விதை உண்டுங்கறதே பலருக்குத் தெரியாது.) பார்பர் என்ற வெள்ளைக்காரரும் நம்ம டி.எஸ்.வெங்கட்ராமனும் 'வெள்ளை'ங்கற தடிக்கரும்பையும் நாணலையும் கலந்து ஒரு ரகம் எடுத்தாங்க. அதுதான் கோ 205. 1918ல பஞ்சாபுக்குப் போச்சு. அங்கிருந்த ஒல்லிக் கரும்பை ஓரங்கட்டிடுச்சு. ஜாவா சர்க்கரையை நம்பியிருந்த நாடு, 1932ல வந்த பாதுகாப்பு வரியும் கைகொடுக்க, அந்தப் பத்தாண்டுக்குள்ளயே சொந்தக் கால்ல நின்னுச்சு.

நாணல் கொடுத்தது தாங்கும் சக்தி. இனிப்பு அதுகிட்ட ஏது? சக்கைதான் அதிகம். அதனால பிறகு வந்த ரகங்கள்ல திரும்பத் திரும்ப தடிக்கரும்பைச் சேர்த்து இனிப்பை மீட்டாங்க. இன்னைக்குக் கரும்போட நூத்துச் சொச்சம் குரோமோசோம்ல நாணலோடது சின்னப் பங்குதான்.

அந்தக் காலத்துல மரபணுவைக் கண்ணால பார்க்க வழியில்ல. ரசத்தைச் சோதிச்சு, நல்லதை மட்டும் நிறுத்திக்கிட்டாங்க. உள்ளே நடக்கறது பிற்பாடுதான் விளங்குச்சு. இலையில ஒரு நொதி சர்க்கரையைச் சேர்க்குது. தண்டுல இன்வர்டேஸ்னு இன்னொரு நொதி அதை குளுக்கோஸ், பிரக்டோஸ்னு ரெண்டா உடைச்சு வளர்ச்சிக்குக் கொடுக்குது. இளங்கணுவுல இதோட ஆட்டம் ஜாஸ்தி. முத்தின கணுவுல அடங்கிடும், அப்பதான் சர்க்கரை தங்கும். கொழுந்துப் பக்கம் சப்புன்னு இருக்கறதும், அடிக்கரும்பு இனிக்கறதும் இதனாலதான்.

வெட்டுக்கு முன்னாடி எங்கப்பா தண்ணியை நிறுத்திடுவார். யூரியா பக்கமே போகமாட்டார். வளர்ச்சி நின்னாத்தான் சர்க்கரை ஏறும். நொதிங்கற பேரை அவர் கேட்டதே இல்ல.

வெட்டினதும் அந்த நொதி மறுபடி கிளம்பிடும், கிருமியும் சேர்ந்துக்கும். ரெண்டு மூணு நாள் கிடந்த கரும்புல வெல்லம் காய்ச்சினா பாகு கட்டாது, கொழகொழன்னு நிக்கும். போன வருஷம் எங்க கரும்பு ஆலை வாசல்ல லாரியிலயே மூணு நாள் காஞ்சுது. எடையும் போச்சு, சர்க்கரைச் சத்தும் போச்சு. ரகம் மட்டும் நல்ல ரகம்தான்.