தொலைவும் தொடர்பும்: வன்னி நிருவாக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நிருவாகத்தின் வரலாறு ஒருவகையில் தொலைவைக் கடந்த வரலாறேயாகும். கட்டளை பிறக்கும் இடத்துக்கும் அது நிறைவேறும் இடத்துக்கும் இடைப்பட்ட வழியைத் தபாலும் தந்தியும் தொலைபேசியும் படிப்படியாகக் குறுக்கின. அவ்வரிசையிற் பிந்தி வந்தது திறன்பேசி. மேசையை விட்டகன்ற அலுவலரும் கடிதத்தைப் பார்த்து மறுமொழி அனுப்ப அது வழிசெய்கின்றது. வன்னிப் பெருநிலத்தில் இம்மாற்றத்தின் பொருளை உணர்வதற்கு, அங்கு தொடர்பு அறுந்து கிடந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் வன்னி நிருவாகம் பயணத்தினால் நடந்தது. உதவி அரசாங்க அதிபர்கள் காட்டுவழியே சுற்றுலாச் சென்று குளங்களையும் வயல்களையும் பார்வையிட்டுக் குறிப்பெழுதினர். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அத்தகைய நிருவாக அனுபவத்தின் விளைவாகும். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை வன்னியூடாக நிறைவுற்றது. எனினும் முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலுமே தனி மாவட்டங்களாயின. அதுவரை கிளிநொச்சி விவசாயி தன் கருமத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரிக்கே செல்லவேண்டியிருந்தது. தொலைவின் சுமையைத் தாங்கியவர் பொதுமக்களேயாவர்.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டதும் புகையிரதமும் தொலைபேசியும் நின்றன. வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் கச்சேரிகளும் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் கொழும்பு அரசின் நிறுவனங்களாகவே இயங்கின. சம்பளமும் அரசினாலேயே வழங்கப்பட்டது. அலுவலகக் கருமங்களுக்காக அலுவலர்கள் வவுனியாவுக்கு வடக்கேயிருந்த சோதனைச் சாவடிகளைக் கடந்து செல்ல நேர்ந்தது. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டமை தற்காலிக ஆறுதலாக அமைந்தது. 2006இல் அது மீண்டும் மூடப்பட்டது.

இவ்வரலாற்றின் மிகக் கொடிய கட்டம் 2009ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு பெப்ரவரியில், போர் வலயத்துள் ஏறத்தாழ 3,30,000 மக்கள் உள்ளனர் என முல்லைத்தீவு நிருவாக அலுவலர்கள் கொழும்புக்கு அறிக்கையிட்டனர். அத்தொகை ஆதாரமற்றது என மேலிடம் மறுத்தது. அரசு கூறிய தொகை ஏறத்தாழ 70,000 மாத்திரமே. உணவும் மருந்தும் குறைந்த தொகைக்கேற்பவே மதிக்கப்பட்டன. இவற்றை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைக்கின்றது. போர் முடிந்தபின் முகாம்களிற் காணப்பட்டோர் ஏறத்தாழ 2,90,000 பேர். செய்தி சென்றடைந்தது, செவிமடுக்கப்படவில்லை. பசித்தோருக்கு இவ்வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

போரின் பின்னர் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் எழுந்தன. 2013இல் புகையிரதம் கிளிநொச்சியை அடைந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் காரணமாக வீட்டிலிருந்து பணிபுரியுமாறு அரசு அறிவித்தது. 2022 யூனில் எரிபொருள் இல்லாமையால் அரச அலுவலர் பலர் மீண்டும் வீட்டிலிருந்தே கடமையாற்றினர். ஒரு காலத்திற் சோதனைச் சாவடிகளைக் கடக்கவேண்டியிருந்த விபரத்தைக் கையடக்கக் கருவி நொடிப்பொழுதில் அனுப்பியது.

எனினும் இதனை முழு வெற்றியாகக் கொள்ளுதல் பொருந்தாது. திறன்பேசி அலுவலகத்தை அலுவலரின் வீட்டுக்குக் கொண்டுவருகின்றது. கடமைநேரம் முடிந்த பின்னரும் விபரம் கோரும் செய்திகள் வந்து சேர்கின்றன. மறுபுறம், திறன்பேசி இல்லாத ஏழை விதவையோ முதியவரோ முன்போலப் பேருந்துக்குக் காத்துநிற்க வேண்டியவராகின்றார். மேலிடத்துக்கும் அலுவலருக்கும் இடையே தொலைவு சுருங்கியமை, மக்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே அது சுருங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே, தொடர்புச் சாதனத்தின் பெருமை அதன் விரைவினால் மட்டும் அளக்கப்படத்தக்கதன்று. கீழிருந்து செல்லும் உண்மை மேலே ஏற்கப்படுகின்றதா என்பதே தகுந்த அளவுகோலாகும். 2009இல் வன்னியின் அலுவலர்கள் எண்ணி எழுதிய தொகை அவ்வினாவை இன்றும் எழுப்பிக்கொண்டே இருக்கின்றது.