தீக்குச்சியும் ஜெனீவாப் பேரவையும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமி, வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் பொய்க்கும். அந்நாளில் ஏழைக் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது தீப்பெட்டித் தொழிலே. 1920களில் சிவகாசியில் வேரூன்றி இவ்வட்டாரமெங்கும் பரவிய அத்தொழிலில், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர் சிறுமியரின் விரல்களும் நெடுங்காலம் உழைத்தன. அவ்விரல்களின் உரிமை குறித்து உலக நாடுகளின் பேரவையொன்று ஜெனீவாவில் தீர்மானித்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

அப்பேரவையே சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் பேரவை அது. இந்தியா அதன் தொடக்க உறுப்பினர். ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு பிரதிநிதிகள்: அரசின் சார்பில் இருவர், முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர். ஒவ்வொருவருக்கும் தனி வாக்கு உண்டு. ஆகவே, தம் அரசு ‘ஆம்’ என்னுமிடத்தில் தொழிலாளர் பிரதிநிதி ‘இல்லை’ எனலாம். 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் சார்பில் அமர்ந்தவர் என்.எம். ஜோஷி. வருந்துவோனும் அவையில் இருந்தாலன்றி ‘மஷ்வரா’ நிறைவுறாது அன்றோ!

மூன்றில் இரு பங்கு வாக்குப் பெற்றால் உடன்படிக்கை நிறைவேறும். ஆயினும் அது எந்நாட்டையும் உடனே கட்டுப்படுத்தாது. அதனை உரிய சட்டமியற்றும் அவையின் முன் வைப்பது உறுப்பு நாட்டின் கடமை. ஏற்று உறுதி செய்த பின்னரே அது அந்நாட்டைக் கட்டும்.

இம்முறையின் பயனையும் குறையையும் தீப்பெட்டியே காட்டும். தாடை எலும்பை அரிக்கும் வெண் பாஸ்பரஸைத் தீக்குச்சியில் தடை செய்து, 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913இல் அதற்கெனச் சட்டம் வந்தது. கரிசலில் தொழில் காலூன்றுமுன்பே அந்நஞ்சு விலக்கப்பட்டது.

பிள்ளைகளின் உழைப்புக்கோ அத்தகைய விரைவு வாய்க்கவில்லை. வேலைக்குரிய குறைந்தபட்ச வயதை வகுக்கும் 138ஆம் உடன்படிக்கை 1973இல் நிறைவேறியது. தன் சட்டம் இசைந்த பின்னரே கையொப்பமிடுவது இந்தியாவின் வழக்கம். 1986ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிட்ட ஆபத்தான தொழில்களில் மட்டுமே 14 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தது. தீப்பெட்டி அப்பட்டியலில் இருந்தும், குடும்பத்தாரோடு செய்யும் வேலைக்கு விலக்களித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமே தடையை எல்லாத் தொழில்களுக்கும் பொதுவிதியாக்கியது. 2017 ஜூன் 13ஆம் நாள் இந்தியா உடன்படிக்கையை உறுதி செய்தது.

இடையே கழிந்தவை 44 ஆண்டுகள். அதற்குள் குச்சி அடுக்கிய சிறுமி வளர்ந்து, மணமுடித்து, பாட்டியாகியும் விடுவாள். பேரவை நியாயத்தை எழுதித் தரும். அதனை நம் தெருவுக்குக் கொணர்வது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நம் பொறுப்பே.