ஒரு வாத்தியாரின் கடைசிப் பாடம்

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தின விழாவுக்குப் பேச அழைத்திருந்தார்கள். எழுத்தாளன் என்றால் எதைப் பற்றியும் பேசுவான் என்று நம் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் கெடுப்பதில்லை. ஆனால் இந்தத் தடவை கையில் சரக்கு இல்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர் என்பதையும், அவர் ஜனாதிபதியான 1962ஆம் ஆண்டிலிருந்து அவருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம் என்பதையும் எனக்கு முன்னால் ஐந்து பேராவது சொல்லிவிடுவார்கள். ஆறாவது ஆளாக நான் என்ன சொல்வது?

முதல் நாள் ஒரு காரியமாக விழுப்புரம் போக வேண்டியிருந்தது. அங்கே என் சிநேகிதனுடைய பெரியப்பா இருக்கிறார். எனக்கும் அவர் பெரியப்பாதான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கும் வயது. இளம் பிராயத்தில் கோல் கீப்பராக நின்றவர். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் கோணலாகவே இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால், "அது பந்து போட்ட கையெழுத்து" என்பார்.

காப்பி குடிக்கும்போது என் கவலையைச் சொன்னேன்.

"நாளைக்கு வாத்தியார்களைப் பத்திப் பேசணும் பெரியப்பா. ஒண்ணும் தோணலே."

"ரஹீம் வாத்தியாரைப் பத்திப் பேசேன்."

"எந்த ரஹீம்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திருக்குறளை எழுதியவர் யார் என்று கேட்ட பையனை வாத்தியார் பார்ப்பது போன்ற பார்வை.

"1962, செப்டம்பர் 5. புதன்கிழமை. அப்ப எனக்குப் பதினாறு வயசு. பட்டணத்துப் பேப்பர் கட்டு ரயில்ல வந்து இறங்கினதும் நாங்க நாலு பேர் ஓடினோம். ஜகார்த்தாவிலே நாம ஜெயிச்சிட்டோம்னு போட்டிருந்தது. அன்னிக்குத்தான் முதல் ஆசிரியர் தினம், தம்பி. அன்னிக்கு வந்த சேதியும் ஒரு வாத்தியார் ஜெயிச்ச சேதி. அப்ப எனக்கு அது தோணலே. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தோணுது."

வாசகர்களில் பலருக்கு என்னைப் போலவே இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்காரர். 1909இல் பிறந்தவர். பட்டம் பெற்றுப் பள்ளிக்கூட உபாத்தியாயராக வேலை பார்த்தவர். பிறகு தேகப் பயிற்சியிலும் டிப்ளமா வாங்கிக்கொண்டு, பையன்களுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வாத்தியார்தான் 1950 முதல் இந்தியக் கால்பந்துக் குழுவுக்குப் பயிற்சி அளித்தார். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் வாங்கினோம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். இரண்டும் அவர் காலத்தில் நடந்தவை.

1962 ஆகஸ்டு மாதக் கடைசியில் நான்காவது ஆசிய விளையாட்டுக்காக ஜகார்த்தா போய் இறங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. கொரியா சாமான்யமான குழு அல்ல. ஆசியக் கோப்பையை 1956, 1960 என்று இரண்டு முறையும் அடித்துக்கொண்டு போனவர்கள். அடுத்து தாய்லாந்தை 4–1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் பின்வரிசைத் தூணான ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்தது. ஆறு தையல். அவர் இல்லாமல் ஜப்பானை 2–0 என்று ஜெயித்தார்கள்.

அரையிறுதியில் தெற்கு வியட்நாம். தலையில் கட்டுப் போட்ட ஆட்டக்காரனை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பலாம், பெஞ்சில் உட்கார வைக்கலாம். ரஹீம் வேறு விதமாக யோசித்தார். பின்னால் நிறுத்தினால் வருகிற பந்தையெல்லாம் தலையால் தடுத்தே ஆக வேண்டும். முன்னால் நிறுத்தினால் வேண்டியபோது மட்டும் தலையைக் கொடுத்தால் போதும். அதோடு, ஜர்னைல் சிங் படிக்கிற காலத்தில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர். ஆகவே அவரை சென்டர் பார்வர்டாக நிறுத்தினார். ஜர்னைல் ஒரு கோல் போட்டார். காப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு போட்டார். 3–2 என்று ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். எதிரே நிற்பது மறுபடியும் அதே கொரியா.

இதற்குள் ஊரில் வேறொரு புயல் கிளம்பியிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா அந்த விளையாட்டுக்கு வரவிடவில்லை. இந்தியரான ஜி. டி. சோந்தி ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். இருவரை விலக்கிவிட்டு நடத்துவதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக் கூடாது என்று அவர் வாதாடினார். நியாயம்தான். ஆனால் ஜகார்த்தா ஜனங்களின் கோபம் இந்தியர்கள் எல்லார் மேலும் பாய்ந்தது. கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. பேசியவர் விமானம் ஏறிப் போய்விட்டார். பந்து உதைக்க வந்த பையன்கள் மாட்டிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை. செனாயன் ஸ்டேடியத்தில் ஏறக்குறைய லட்சம் பேர். நம்மவர்கள் பந்தைத் தொட்டாலே ஊளைச் சத்தம். அத்தனை பெரிய மைதானத்தில் நமக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கிக் குழுவினரும் இருந்தார்கள் என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை 2–0 என்று தோற்கடித்தவர்கள் அவர்கள்தான். மனித சுபாவத்தில் இப்படியும் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது.

கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். பெரியப்பா இந்தப் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டார். ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்காக ஆடியவர். முதலில் சென்டர் பார்வர்டாக ஆடிவிட்டுப் பிறகு கோல் கீப்பரானவர். நல்ல உயரம். காய்ச்சலில் படுத்து எழுந்திருந்த அவரை அன்றைக்கு இறக்கினார்கள். ஆக, பின்வரிசைக்காரன் முன்னால் நிற்கிறான். முன்வரிசையில் தொடங்கியவன் கோலைக் காக்கிறான். இடது புறத்தில் பலராம். செகந்திராபாத் பக்கத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

17ஆம் நிமிஷம் பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆம் நிமிஷம் தையல் போட்ட ஜர்னைல் சிங் ஒரு கோல். மூன்று நிமிஷத்துக்குள் லட்சம் பேரின் சத்தம் கம்மிவிட்டது. அப்புறம் அறுபத்தைந்து நிமிஷம் கொரியா முட்டி மோதியது. 85ஆம் நிமிஷத்தில் ஒன்று திருப்பினார்கள். மீதி ஐந்து நிமிஷம் எப்படிப் போயிற்று என்று தங்கராஜைத்தான் கேட்டிருக்க வேண்டும். 2–1. தங்கம் நமக்கு.

ஆட்டத்துக்கு முதல் நாள் ரஹீம் தம் பையன்களிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது அந்தத் தங்கப் பதக்கம் என்று கேட்டாராம். எந்த வாத்தியாரும் பிள்ளைகளிடம் லேசில் கை நீட்டமாட்டார். அவர் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11ஆம் தேதி காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வாங்கவே இல்லை. 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது, அவ்வளவுதான். அவரைப் பற்றி இந்தியில் 'மைதான்' என்று சினிமா வந்ததுகூட 2024இல்தான்.

மறுநாள் திண்டிவனத்தில் இதைத்தான் சொன்னேன். தன் மாணவன் ஒவ்வொருவனும் எதில் கெட்டிக்காரன் என்று தெரிந்து வைத்திருப்பதும், அடிபட்டவனையும் தள்ளிவிடாமல் அவனுக்கு ஓர் இடம் கண்டுபிடிப்பதும்தான் வாத்தியார் வேலை என்றேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டார்கள். மேடையில் கணக்கு, விஞ்ஞானம், இங்கிலீஷ் ஆசிரியர்கள் எல்லோரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரில் மாஸ்டர் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் விசிலும் கையுமாகப் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றார்.

விழா முடிந்து நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார்.

"சார், அந்த ரஹீம் நெசமாவே டிரில் மாஸ்டர்தானா?"

"ஆமாம்."

சற்றுத் தயங்கினார். "பேரை ஒரு தாள்லே எழுதிக் கொடுங்க சார். என் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்கறப்ப எல்லாம் கொடுத்துடறேன். இனிமே சொல்றதுக்கு ஒரு பேர் வேணும்."

எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மைதானத்தில் சிதறி ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து ஒரு விசில் ஊதினார்.