உதடு மட்டும் ஏன் அசையுது?

அனிமே பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி ரெண்டு. ஒண்ணு, "ஆளு சிலை மாதிரி நிக்கிறான், உதடு மட்டும் அசையுதே, ஏன்?" இன்னொண்ணு, "உலகமே பார்க்குது, ஆனா வரையறவங்களுக்கு ஏன் இவ்வளவு கம்மி சம்பளம்?" ரெண்டுக்கும் வேர் ஒரே இடத்துலதாங்க இருக்கு.

ஜப்பான்ல டோயெய் கம்பெனி 1958-லயே 'ஹகுஜாதென்'ங்கிற முழுநீள கலர் கார்ட்டூன் படம் எடுத்துடுச்சு. ஆனா அது சினிமா. நிதானமா, நிறைய வரைஞ்சு எடுத்தது. வாராவாரம் அரை மணி நேரம் டிவிக்கு இப்படி வரைய முடியுமா? முடியாதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

மங்கா ஜாம்பவான் ஒசாமு தெஸுகா முடியும்னார். 1963 ஜனவரி 1, ஃபுஜி டிவியில அவரோட முஷி புரொடக்‌ஷன் எடுத்த 'டெட்சுவான் அடோமு' ஆரம்பிச்சது. (வெளிநாட்டுல 'ஆஸ்ட்ரோ பாய்'.) எப்படி முடிஞ்சது? ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை மூணு ஃபிரேமுக்கு வச்சா 8 படம் போதும். பேசும்போது வாயை மட்டும் மாத்து. பழைய படங்களை எடுத்து வச்சு திரும்பத் திரும்ப உபயோகி. முதல் கேள்விக்கு பதில் கிடைச்சாச்சா?

இப்போ ரெண்டாவது. தெஸுகா இதை அடக்க விலைக்கும் கீழேதான் டிவிக்கு வித்தார். துண்டு விழுந்ததை மெய்ஜி சாக்லேட்டோட வந்த ஸ்டிக்கர் மாதிரி வியாபாரமும் அமெரிக்க விற்பனையும் ஈடுகட்டின. விளைவு? சேனல்காரங்களுக்கு மலிவு விலை பழகிப்போச்சு. 1989-ல தெஸுகா இறந்தப்போ மியாசாகி இதைத்தான் வெளிப்படையா குறை சொன்னார். முஷி புரொடக்‌ஷனே 1973-ல திவாலாச்சு.

அப்போ தெஸுகாதான் வில்லனா? பாதிப் பழியைத்தான் அவர் மேல போடலாம். 1990-களுக்கு அப்புறம் பரவின 'தயாரிப்புக் கமிட்டி' முறையைப் பாருங்க. பதிப்பகம், சேனல், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து பணம் போடும், லாபத்தையும் பிரிச்சுக்கும். பணம் போடாத ஸ்டுடியோவுக்கு பெரும்பாலும் செஞ்ச வேலைக்கான கூலி மட்டும்தான். அதுலயும் இடைப்படம் வரையற பல பேருக்கு மாசச் சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு.

வேற வழியே இல்லையான்னா, இருக்கு. கியோட்டோ அனிமேஷன் தன்னோட கலைஞர்களை நிரந்தர ஊழியரா வச்சு, மாசச் சம்பளம் கொடுத்தே நல்ல பேர் வாங்கிச்சு. 1963-ல தெஸுகாவுக்கு அவசரம், முன்மாதிரியும் இல்ல. பின்னாடி வந்தவங்களுக்கு ரெண்டையும் காரணமா சொல்ல முடியாதே!