தானியங்கித் தோட்டி

1881ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் கிழக்கே உள்ள வெசூல் என்னும் ஊரைச் சேர்ந்த ழான்-லூயி மூராஸ் ஒரு தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1860 வாக்கில் ஒரு வீட்டின் கழிவுக்காக அவர் அமைத்த தொட்டி அது. காற்றுப் புகாதது, எப்போதும் நீர் நிறைந்திருப்பது, உள்ளே வரும் குழாயும் வெளியேறும் குழாயும் நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்கும். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, நிறைந்து கிடக்க வேண்டிய மலம் அனேகமாக அங்கே இல்லை. கலங்கிய நீரே இருந்தது.

இச்செய்தியை உலகுக்குப் பரப்பியவர் மொவான்யோ என்னும் பாதிரியார். அறிவியல் ஏடு ஒன்றை நடத்திவந்தவர். சுவர்கள் கண்ணாடியால் ஆன மாதிரித் தொட்டி ஒன்றை வைத்து, உள்ளே இட்ட கழிவும் காகிதமும் சில வாரங்களில் கரைந்து போவதைக் கண்ணால் கண்டதாக அவர் எழுதினார். காற்றின்றியே வாழும் நுண்ணுயிர்களை லூயி பாஸ்டர் 1861இல் கண்டறிந்திருந்தார். இங்கே வேலை செய்வன அவைதாமோ என்ற ஐயத்தையும் மொவான்யோ எழுப்பினார். அந்த ஐயம் சரியானதே.

ஆங்கில ஏடுகள் இத்தொட்டிக்கு அளித்த பெயர்தான் என்னைப் பல நாட்கள் விடாமல் துரத்தியது. 'மூராஸின் தானியங்கி ஸ்கேவஞ்சர்' என்று அவை எழுதின. நம் நாட்டு அரசுத் தாள்களில் 'ஸ்கேவஞ்சர்' என்றால் தோட்டி. ஆக, செப்டிக் டேங்க் என்று நாம் இன்று அழைக்கும் பொருளின் முதற்பெயர்களுள் ஒன்று, தானியங்கித் தோட்டி. ஒரு மனிதனின் வேலையை இனி ஒரு தொட்டி செய்யும் என்பதே அப்பெயரில் அடங்கியிருந்த வாக்குறுதி.

அந்த வாக்குறுதி ஏன் அத்தனை வரவேற்பைப் பெற்றது என்பதை உணர, அதற்கு முந்திய பாரிஸ் நகரைப் பார்க்க வேண்டும். அங்கே வீடுகளுக்கடியில் கழிவுக்குழிகள் இருந்தன. இரவில் அவற்றுள் இறங்கி வாரி எடுத்து வண்டியேற்றுவதற்கென்று தனித் தொழிலாளர்கள் இருந்தனர். குழிக்குள் அவர்களைச் சாய்த்துவிடும் நச்சுக்காற்றை அவர்கள் 'ஈயம்' என்று அழைத்தனர். நெஞ்சின்மேல் ஈயப்பாளம் ஏறியதுபோன்ற மூச்சடைப்பைச் சுட்டும் சொல் அது. ழான்-நோயேல் ஆலே என்ற மருத்துவர் அந்தக் குழிகளின் நச்சுக்காற்றைப் பற்றி 1785இல் ஒரு நூலே வெளியிட்டார். கழிவுக்குழி மனிதனைக் கொல்லும் என்பது புதிதாகக் கண்டறிய வேண்டிய உண்மை அல்ல. இருநூற்று நாற்பது ஆண்டுகளாக அச்சில் இருக்கும் செய்தி.

மூராஸின் தொட்டிக்கு இன்றைய பெயர் வந்தது இங்கிலாந்தில். எக்ஸீட்டர் நகரின் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1895-96இல் நகரக் கழிவுக்காக மூடிய பெருந்தொட்டி ஒன்றைக் கட்டி, அதற்கு 'செப்டிக் டேங்க்' என்று பெயரிட்டார். அழுகச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடி அது. தொட்டியில் பிறந்த எரிவாயுவை அவர் விளக்கெரிக்கவும் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டே, 1897இல், பம்பாய் மாதுங்காவின் தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து எரிவாயு பிடித்துப் பயன்படுத்தினர். எனவே இந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டுக்குத் தாமதமாக வந்தது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த வாக்குறுதியில் ஒரு பிழை இருந்தது. நுண்ணுயிர்கள் கழிவில் ஒரு பகுதியைத்தான் கரைக்கின்றன. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையிலுள்ள நீர்தான் வெளியேறி உறிஞ்சுகுழிக்குச் செல்கிறது. மணல், முடி, நார், செரிக்க மறுக்கும் மிச்சம் ஆகியன அடியிலேயே தங்கி ஆண்டுக்காண்டு உயர்கின்றன. கசடு உயர உயர நீர் தங்கித் தெளிவதற்கான இடம் குறைகிறது. இறுதியில் கசடே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடுகிறது. ஆகவே யாரேனும் ஒருவர் அதை அகற்றியே தீர வேண்டும். தோட்டியின் வேலை குறைந்தது, ஒழியவில்லை.

இந்தியாவில் இந்த மிச்சம் யார் தலையில் விழுந்தது என்பது தனி வரலாறு. எடுப்புக் கக்கூஸின் காலத்தைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் நாவலாக எழுதினார். ஆலப்புழை நகரில் மலம் அள்ளும் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. அக்குடும்பம் தமிழ்க் குடும்பம். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் 'தோட்டியின் மக'னாக அதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். எடுப்புக் கக்கூஸ் கட்டுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. வீடுகளில் பீங்கான் கோப்பையும் நீரும் வந்தன. பின்புறம் தொட்டி வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற வீடுகளில் பாதாளச் சாக்கடையோடு இணைந்தவை ஏறத்தாழ 33 விழுக்காடு. செப்டிக் டேங்க் உள்ளவை 38 விழுக்காடு. நாள்தோறும் கூடை சுமந்தவரின் பிள்ளை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டிக்குள் இறங்குபவராக ஆனார். வேலை மாறியது, அதைச் செய்யும் சாதிகள் மாறவில்லை.

கூடை இழிவைத் தந்தது. தொட்டி உயிரையே பறிக்கிறது. மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்கின்றன, உயிர்க்காற்று குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் இல்லையென்று நம்பி இறங்குபவர் அதனால்தான் ஏமாறுகிறார். மூடியைத் திறந்து வைத்தாலும் போதாது. கசடு கலங்கும் கணத்தில் அடைபட்ட வாயு வெளிப்படுகிறது. விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார், மூன்றாமவரும் விழுகிறார். நம் நாளேடுகளின் 'விஷவாயு தாக்கி' என்று தொடங்கும் செய்திகளில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருப்பது இதனால்தான். 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் 377 பேர் என்பது நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வகையில் ஆளை இறக்குவதை எவருக்கும் தடை செய்கிறது. முதல் முறைக்கே ஈராண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'எவரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் இத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது.

சட்டத்துக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது நம் வீட்டுத் தொட்டி. "எங்கள் தொட்டியை முப்பது வருடமாகத் திறந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை நாம் அனைவரும் அறிவோம். நான் இதை வரலாற்று நோக்கில் மூராஸின் வாக்குறுதியைச் சொல் மாறாமல் நம்பும் கூற்றாகவே காண்கிறேன். நிறையாத தொட்டிக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்: அதற்கு அடித்தளம் இல்லை, அல்லது விரிசல் உண்டு, அது மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் கிணறு இருந்தால் அது எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும் என்பது 2013இல் நடுவண் அரசு வெளியிட்ட அறிவுரை. இயந்திரக் குழாயால் உறிஞ்சும் லாரி வரவேண்டும், ஆள் இறங்கலாகாது. அந்த லாரியும் ஏரிக்கரையில் கொட்டிவிடாமல், சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். 2015இல் பெங்களூரு அருகே தேவனஹள்ளியிலும், பின்னர் நம் மாநிலத்தில் கருங்குழியிலும் இதற்கென்றே நிலையங்கள் அமைந்தன. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது அதிகமில்லை. தொட்டியின் மூடியை டைல்ஸ் போட்டு மறைக்காதிருத்தல்; வாயு வெளியேறும் குழாயை அடைக்காதிருத்தல்; எண்ணெயையும் துணியையும் உள்ளே விடாதிருத்தல்; அமிலத்தையும் பினாயிலையும் வாரியிறைத்து, நமக்காக வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லாதிருத்தல். நிறைந்து வழியும் வரை காத்திருந்தால், கசடு இறுகி லாரிக்குழாய்க்கு அடங்காது. அப்போதுதான் யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இறங்கிக் கலக்கி விடுப்பா" என்று சொல்லும் நிலை வருகிறது. மரணம் அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்குகிறது.

மூராஸ் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைத்தான் சொன்னார். தானே இயங்கும் என்பதைக் கவனிக்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது நாம். தொட்டி தன் பங்கைச் செய்கிறது. நம் பங்கு, தேதி குறித்து வைத்துக்கொண்டு லாரியை அழைப்பது மட்டுமே.