டன்ஸ்டல் ஆயரும் ஆங்கில விவிலியமும்

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னர் மாறும்தோறும் நாட்டின் சமயமும் மாறியது. எட்டாம் ஹென்றி முதல் முதலாம் எலிசபெத் வரை நால்வர் ஆட்சியைக் கண்ட கத்தோலிக்க ஆயர் கத்பர்ட் டன்ஸ்டல் (1474-1559). காலத்துக்கேற்பக் கருத்தை மாற்றிக்கொண்டவர் என்று அவரைக் கூறுவதுண்டு. அவர் எதற்கு இணங்கினார், எதற்கு மறுத்தார் எனப் பகுத்து நோக்குதல் தகும்.

எராஸ்மஸ், தாமஸ் மோர் ஆகியோரின் நண்பரான டன்ஸ்டல் 1522-இல் லண்டன் ஆயரானார். மறு ஆண்டு வில்லியம் டிண்டேல், புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் பெயர்க்க அவரது ஆதரவை நாடினார். தம் இல்லத்தில் இடமில்லை என டன்ஸ்டல் மறுத்தார். டிண்டேல் ஜெர்மனி சென்று அச்சிட்ட நூல் 1526-இல் இங்கிலாந்தை அடைந்தபோது, அதன் படிகளை டன்ஸ்டல் எரிக்கச் செய்தார். 'திருச்சபை' என்னும் சொல் வழங்கிய இடத்தில் 'கூட்டம்' எனவும், 'குரு' என்னுமிடத்தில் 'மூத்தோர்' எனவும் பொருள்படும் சொற்களை டிண்டேல் ஆண்டிருந்தார். திருச்சபையின் அதிகாரத்தையே இச்சொற்கள் அசைப்பதாக எதிர்ப்பாளர் கருதினர்.

1530-இல் டன்ஸ்டல் டர்ஹம் ஆயரானார். பின்னர் ஹென்றி திருச்சபைத் தலைமையை ஏற்றபோது அதற்கு இணங்கினார். டிண்டேல் 1536-இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கொல்லப்பட்டார். எனினும், 1539-இல் அரச ஆணையால் வெளிவந்த பெரிய விவிலியத்தின் புதிய ஏற்பாடு பெரும்பாலும் டிண்டேலின் மொழியே. 'கூட்டம்' என்னும் பொருளுடைய அச்சொல்லும் அதில் நிலைத்தது. அந்நூலின் 1541-ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பிலோ, மன்னர் கட்டளைப்படி அதனை மேற்பார்வையிட்டவர் இருவருள் ஒருவராக டன்ஸ்டலின் பெயர் உள்ளது!

ஆட்சித் தலைமையில் இணங்கியவர் வழிபாட்டில் இணங்கவில்லை. ஆறாம் எட்வர்டு காலத்தில், 1549-இல் புதிய வழிபாட்டு நூலைக் கட்டாயமாக்கிய சட்டத்தை எதிர்த்தார். 1552-இல் பதவி இழந்தார். மேரி அரசி அவரை மீண்டும் அமர்த்தினார். அவரது ஆட்சியில் ஏறத்தாழ 280 பேர் சமயத்தின் பொருட்டு எரிக்கப்பட்டனர். டர்ஹம் மறைமாவட்டத்தில் ஒருவரும் எரிக்கப்படவில்லை.

1559-இல் எலிசபெத் அரசியின் தலைமையை ஏற்கும் உறுதிமொழியை எடுக்க டன்ஸ்டல் மறுத்தார். ஹென்றிக்கு இணங்கிய அதே செய்தியைத் தம் 85-ஆம் வயதில் மறுத்ததே அவர் வாழ்வின் திருப்பம். தலைமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தால் வழிபாடும் உடன் செல்லும் என்பதை இடைப்பட்ட ஆண்டுகள் காட்டியிருந்தன. பதவி பறிக்கப்பட்டு, லாம்பெத் அரண்மனைக் காவலில் அவ்வாண்டு நவம்பர் 18-இல் இறந்தார். அவர் எரித்த நூலின் மொழியோ ஆங்கில விவிலிய மரபின் அடித்தளமாயிற்று.